நான்கு ஆண்டுகள் உழைத்த ஆர்மரர் ரெஞ்ச்

துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட, ஆறு வேலைகளைச் செய்யும் என்று சொல்லி விற்கப்பட்ட ஸ்பேனர் இது. நான்கு ஆண்டுகளில் என்னிடம் உருப்படியாகச் செய்தவை இரண்டே. அந்த இரண்டுக்காகவே இதை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஏஆர்-15 வகை ரைஃபிளுக்கென்றே வெட்டிய, ஏறக்குறைய ஓரடி நீள எஃகுப் பட்டை. ஒரு முனையில், குழலை ரைஃபிளின் உடலோடு இறுக்கும் பேரல் நட்டின் பள்ளங்களில் உட்காரும் முளைகள். மறுமுனையில், பின்கட்டைக்குள் இருக்கும் பஃபர் டியூப் என்ற குழாயை இறுக்கும் காசில் நட்டுக்கான பற்கள். இடையில், குழல் நுனியில் சுடும் வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் ஃபிளாஷ் ஹைடருக்கான முக்கால் அங்குல வாய், திருகு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் பொருத்த அரை அங்குலச் சதுரத் துளை. போதாததற்குத் திருப்புளி, சுத்தியல் முகம் எல்லாம் உண்டு. சுத்தியலை நான் தொடுவதேயில்லை. பட்டையின் எடை கைப்பக்கம் போய்விடுவதால் அடி நேராக விழுவதில்லை.

பேரல் நட் வேலையில்தான் இது காசுக்கு உழைக்கிறது. முளைகள் பள்ளத்தில் ஆட்டமின்றி அமர்கின்றன. ஆனால் முதல் ஆண்டு முழுக்க நானே தவறாகப் பயன்படுத்தி வந்தேன். டார்க் ரெஞ்சையும் இதையும் ஒரே நேர்கோட்டில் பூட்டினால் கைப்பிடி நீண்டுவிடுகிறது. அளவுமானியில் வைத்த எண்ணைவிட நட்டில் விழும் விசை கூடிவிடுகிறது. 40 சென்டிமீட்டர் டார்க் ரெஞ்சோடு இது 10 சென்டிமீட்டர் சேர்த்தால், 40 அடி-பவுண்டு (திருகு விசையின் அலகு) என்று வைத்தது 50 ஆகிவிடும். செங்கோணத்தில் பூட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பேரல் நட்டுக்கு 30 முதல் 80 அடி-பவுண்டு வரை இடம் இருப்பதால் அங்கே நான் தப்பித்தேன். சுடும்போது வரும் வாயுவைப் பின்னால் கொண்டுபோகும் கேஸ் டியூப் நுழையும் பள்ளம் நேராக வரவேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

காசில் நட்டுக்கு அந்தத் தாராளம் கிடையாது. 40-ஐ ஒட்டியே நிறுத்தவேண்டும். இதன் பற்கள் மூன்று பெரிய பள்ளங்களையும் ஒருசேரப் பிடிப்பதால் எளிதில் வழுக்குவதில்லை. ஒரே பல்லுள்ள மலிவான ஸ்பேனர் ஒன்று முன்பு என்னிடம் இருந்தது. அது வழுக்கி நட்டின் விளிம்பைச் சுரண்டி, பஃபர் டியூபின் கருப்புப் பூச்சில் இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கீறலும் போட்டது. அந்த வெள்ளைக் கோடு இன்னும் கண்ணை உறுத்துகிறது. இதிலும், பட்டையைச் சாய்க்காமல் நட்டோடு தட்டையாக அழுத்திப் பிடித்தால்தான் ஒழுங்காக நடக்கும். ஒரு கை அழுத்த, மறு கை திருப்ப. ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இல்லாமல் மடியில் வைத்துத் திருப்ப நினைப்பவர்கள் இதை வாங்கவேண்டாம்.

ஃபிளாஷ் ஹைடருக்கான வாய் சற்றே அகலம். இரண்டாவது முறையே ஹைடரின் மூலைகளை மழுக்கிவிட்டது. அதற்குத் தனியாக முக்கால் அங்குல ஸ்பேனர் வைத்திருக்கிறேன். திருப்புளியின் முனையும் ஒரு பக்கம் சிதைந்துவிட்டது. அரம் போட்டு நேராக்கினேன், மறுபடியும் சிதைந்தது.

முளைகளின் ஓரத்தில் பூச்சு தேய்ந்து எஃகு பளிச்சென்று தெரிகிறது, ஆனால் வடிவம் மாறவில்லை. தேய்ந்த இடத்தில் ஒரு மழைக்காலத்தில் துரு பிடித்தது. அதிலிருந்து வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டே பெட்டியில் போடுகிறேன். ரைஃபிளின் மேகசினைக் கழற்றி, தோட்டா அமரும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் இந்த ரெஞ்சை மறுபடி எடுப்பேன்.