பாவம் ஓரிடம், பழி அலாரத்துக்கு: ஆர்ச் லினக்ஸில் இரண்டு வருடம்

போன் இருக்கும்போது மடிக்கணினியில் எதற்கு அலாரம் என்று கேட்பீர்கள். ராத்திரி போனை ஹாலிலேயே சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுப்பது என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் முடிவெடுத்தேன், இல்லையென்றால் ஒரு மணி வரைக்கும் அதை நோண்டிக்கொண்டே கிடப்பேன். பகலில் வேலை நேரத்தில் காதில் ஹெட்செட், போன் எந்த அறையில் கிடக்கிறது என்றே தெரியாது. "கிரைண்டரை அரை மணியில நிறுத்திடுடா" என்று சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போனால் அந்த உளுந்து கதை அவ்வளவுதான். அதனால் எந்நேரமும் கண்முன் இருக்கிற பெட்டியிலேயே அலாரம் வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

என்னுடையது ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளம், அதன் மேலே திரைச்சூழலாக க்னோம். க்னோமின் சொந்தக் கடிகாரச் செயலி பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அலாரம் அடிக்கிற நேரத்தில் நான் சொல்லும் கட்டளையை ஓட்டு என்றால் அதற்கு வழியில்லை. கேஅலாரம் என்ற செயலி அதெல்லாம் செய்யும், தூங்கும் கணினியை எழுப்பக்கூடச் செய்யும், ஆனால் க்னோம் கணினியில் அதைப் போட்டால் கேடிஇ என்ற இன்னொரு திரைச்சூழலின் நூலகங்கள் கல்யாணத்துக்கு வருவது போலக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகின்றன. கடைசியில் அலாரம் கிளாக் ஆப்லெட்டில் வந்து நின்றேன். பழைய செயலி, சின்னது, ஒலியும் எழுப்பும் கட்டளையும் ஓட்டும். எனக்கு அது போதும்.

அது கிடைப்பது ஏயூஆரில், அதாவது பயனர்களே பொதி செய்து வைக்கிற களஞ்சியத்தில். அங்கிருந்து எதை எடுத்தாலும் பேக்கேஜ்பில்டு என்ற செய்முறைக் கோப்பைத் திறந்து படிக்காமல் நிறுவ மாட்டேன். மூலநிரல் எங்கிருந்து வருகிறது, நிறுவும்போது வேறு ஏதாவது ஸ்கிரிப்ட் ஓடுகிறதா, இந்த இரண்டை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும். 2018 ஜூலையில், கேட்பாரற்றுக் கிடந்த அக்ரோரீட் (பிடிஎஃப் படிக்கும் செயலி) பொதியை யாரோ ஒருவர் தத்தெடுத்து அதில் தீய நிரலைச் செருகினார், வேடிக்கை என்னவென்றால் அது தன்னைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொள்ள 360 விநாடிக்கு ஒருமுறை ஓடும் சிஸ்டம்டி டைமரைத்தான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) வைத்தது. நமக்கு வேண்டிய டைமர் நாம் வைத்ததாக இருக்கட்டும்.

நிறுவுவதில் பெரிய கஷ்டம் இல்லை. நிறுவியதும் ஐகான் எங்கே என்று தேடினேன், காணோம். பின்னணியில் ஓடும் செயலிகளின் பழைய ட்ரே ஐகான்களுக்கான இடத்தை க்னோம் 3.26-லேயே, அதாவது 2017-லேயே, எடுத்துவிட்டது. ஆப்இண்டிகேட்டர் நீட்டிப்பைப் போட்டதும் மணி உருவம் மேலே வந்து உட்கார்ந்தது. சரி, முடிந்தது என்று நினைத்து, விடியற்காலை 5 மணிக்குக் கெட்டிமேளம் ஒலிக்கும்படி வைத்து, மூடியைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

அடிக்கவில்லை. 7.10-க்கு எழுந்து மூடியைத் திறந்த நொடியில் டும்டும் என்று ஆரம்பித்தது. கணினி தூங்கும்போது செயலியும் சேர்ந்துதான் தூங்கும், அது எப்படி மணி பார்க்கும்? அந்த நேரத்தில் விழித்திருப்பது மதர்போர்டில் இருக்கிற வன்பொருள் கடிகாரம் மட்டும்தான். எழுப்பும் நேரத்தை அதனிடம் சொல்லி வைக்க வேண்டும். ஆர்டிசிவேக் கட்டளையில் செய்யலாம், நான் சிஸ்டம்டி டைமரில் வேக்சிஸ்டம் என்ற வரியைச் சேர்த்து 4.58-க்கு எழும்படி வைத்தேன். அலாரத்தை அந்த முதல் வாரத்துக்கு மட்டும் 4.58-க்கே மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் அடித்தது. அரை நிமிடம் அடித்துவிட்டு, தொண்டையைப் பிடித்தது போல நின்றுவிட்டது. இதற்கு நான் செயலியைத்தான் திட்டினேன், மீட்டமைத்தேன், நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன், இரண்டு ராத்திரி போனது. கடைசியில் நடந்ததையெல்லாம் கணினி குறித்து வைக்கும் ஜர்னல் பதிவுகளைப் படித்தால், கணினி எழுந்ததும் லாகின்ட் சேவை மூடி சாத்தியிருப்பதைக் கவனித்துத் திரும்பத் தூங்கப் போட்டிருக்கிறது. எழுந்த பிறகு அது பொறுத்திருக்கும் நேரத்தின் இயல்பு மதிப்பு 30 விநாடி. மூடியைக் கண்டுகொள்ளாதே என்று லாகின்ட் அமைப்பில் எழுதிவிடலாம், ஆனால் பைக்குள் போட்ட மடிக்கணினி விழித்தபடியே சூடாகிக் கிடப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் ராத்திரி மூடியைத் திறந்தே வைத்து, தூங்க மட்டும் வைக்கிறேன்.

அப்புறம் அந்த மழை நாள். அப்பாவின் கணக்கு வேலை ஒன்றுக்காக அதே கணினியில் இருக்கும் விண்டோஸில் இருந்தேன், முடித்து லினக்ஸுக்கு வருவதற்குள் இணையம் போய்விட்டது. மணி ராத்திரி 10. கணினியைத் திறந்தபடியே சார்ஜரில் விட்டுவிட்டுப் படுத்தேன். சரியாக 11.30-க்குக் கெட்டிமேளம், முழு ஒலியில். வீடே எழுந்து உட்கார்ந்தது, "எவன்டா இந்நேரத்துல தாலி கட்டுறது" என்று அப்பா கேட்டார். திரையில் மணி 5.00. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு மேலே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுகிறது. இணையம் இருந்தால் நேர ஒத்திசைவு சேவை சத்தமில்லாமல் திருத்திவிடும், அதனால்தான் அத்தனை நாள் இது கண்ணில் படவே இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் மதிப்பை 1 ஆக்கியதும் தீர்ந்தது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் வழியும் உண்டு, ஆனால் அப்படிச் செய்தால் நேரத்தை அமைக்கும் டைம்டேட்சிடிஎல் கட்டளையே எச்சரிக்கை காட்டுகிறது.

ஒலியும் ஒருமுறை ஏமாற்றியது. எச்டிஎம்ஐ மானிட்டர் செருகியிருந்ததால் ஒலி அதற்குள் போய்க்கொண்டிருந்தது, மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. இப்போது செயலியின் ஒலியை விட்டுவிட்டு ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லியிருக்கிறேன்: ஒலி எங்கே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் வயர்பிளம்பரின் கட்டளையால் உள் ஸ்பீக்கரைத் தேர்வு செய்து, ஒலியளவை 70 சதவீதத்துக்கு ஏற்றி, பிறகு இசைக்கும். கட்டளை ஓட்டும் வசதி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது இதற்குத்தான் உதவியது.

செயலியின் பக்கம் என்று சொல்ல ஒரே ஒரு விஷயம். சிஸ்டம் அப்டேட்டில் ஒரு நூலகத்தின் பதிப்பு மாறினால் ஏயூஆர் பொதி தானாகத் திரும்பக் கட்டப்படாது, செயலி திறக்கவே திறக்காது. டெர்மினலில் ஓட்டினால் எந்த நூலகத்தைக் காணவில்லை என்று சொல்லும், பொதியைத் திரும்ப பில்டு செய்தால் சரி. இரண்டு வருடத்தில் இது மூன்று முறை நடந்தது. அப்டேட் போட்ட அன்று ராத்திரி மேலே மணி உருவம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

கிரைண்டருக்கும் மாத்திரைக்கும் மீட்டிங்குக்கும் தினமும் ஓடுகிறது, காலை 5 மணிக்கும் அதுதான் எழுப்புகிறது. ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் மட்டும் ஹாலிலிருந்து போனை எடுத்துவந்து தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன்.