கோஹா: சின்ன நூலகத்துக்குத் தாங்குமா?

காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள் என்றதும் பாதிப் பேர், "இலவசம்தானே, பெருசா என்ன இருந்துவிடப் போகுது" என்கிறார்கள். மீதிப் பேர், "அதெல்லாம் யூனிவர்சிட்டிக்கு, நமக்கு எக்செல் போதும்" என்கிறார்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அறக்கட்டளை நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். புத்தகப் பட்டியல், கடன் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கோஹா என்ற இலவச நூலக மென்பொருளில்தான் என் வேலை முழுவதும் நடக்கிறது. இரண்டு கட்சியும் தப்பு என்பது என் எண்ணம்.

இது நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற மாவட்டத்தின் பொது நூலகங்களுக்காக எழுதப்பட்டது. 2000 பிறந்தால் பழைய மென்பொருள் தேதியைக் குழப்பிவிடும் என்ற பயத்தில் புதிதாக எழுதி, அந்த ஜனவரியிலேயே ஓட்டத் தொடங்கினார்கள். ஆக, பிறவியிலேயே இது சின்ன ஊர்களுக்கான சரக்கு. பெரிய நூலகங்கள் பிறகு வந்து சேர்ந்தவை.

நிறுவுவது கஷ்டம், அதை மறைக்க வேண்டியதில்லை. லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். எங்களுக்கு ஒரு பொறியியல் கல்லூரித் தம்பி வந்து செய்து கொடுத்தார். நிறுவுகிறவரிடம் இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்று, கோஹாவுக்குள் இருக்கும் ஸீப்ரா என்ற தேடுபொறியின் குறியீட்டு முறையை (தேடுவதற்காகச் சொற்களை அடைவாக்கி வைக்கும் முறை) ஐ.சி.யு. என்று வைக்க வேண்டும், அது பல மொழி எழுத்துகளையும் கையாளும். இல்லாவிட்டால் தமிழில் தேடுவது உருப்படாது. இன்னொன்று, காப்பு நகல் எடுப்பது, தவணை தாண்டியவர்களுக்கு அறிவிப்பு அனுப்புவது போன்றவை ராத்திரியில் தானாக ஓடும்படி இருக்கும். நம் ஊர் நூலகத்தில் கணினியை அணைத்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறோம்? அவற்றைப் பகல் நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பார்கோடு பற்றி ஒரு எச்சரிக்கை. பார்கோடு படிக்கும் கருவி கணினிக்கு ஒரு விசைப்பலகை மாதிரிதான். தமிழ்த் தட்டச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது கருவியைக் காட்டினால், பார்கோடில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் தமிழாக மாறி, "அப்படி ஒரு புத்தகமே இல்லை" என்று வந்து நிற்கும். அதனால் வெறும் எண்களை வைத்தே பார்கோடு போடுங்கள். நூலகத்தின் பெயரைச் சுருக்கி முன்னால் சேர்க்கும் ஆசை வேண்டாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: பெயர்கள். மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு "ஜெயகாந்தன் இல்லை" என்று சொல்ல முடியுமா? 1934-இல் இங்கே பிறந்தவர். ஆனால் எங்கள் பட்டியல் அப்படித்தான் சொன்னது. பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்ய வெளியாள் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். "த. ஜெயகாந்தன்", "ஜெயகாந்தன், த.", "டி. ஜெயகாந்தன்", "செயகாந்தன்" என்று ஒரே மனிதர் நாலு மனிதராகத் திரும்பி வந்தார். அது போதாதென்று பாதிக் கோப்பு யூனிகோடே இல்லை, ஏதோ பழைய எழுத்துருவில் அடித்தது. ஔவையாரை இன்னும் மோசம் செய்திருந்தார்கள். "ஔ" என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் "ஒ"வும் "ள"வும் சேர்த்து அடித்தால் திரையில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். வாசகர் தேடுவார், கிடைக்காது, போய்விடுவார். புத்தகமோ ரெண்டடி தள்ளி அலமாரியில் இருக்கும்.

கோஹா இந்தச் சிக்கலைத் தீர்க்கும், ஆனால் தானாகத் தீர்க்காது. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு பெயர்ப் பதிவு உண்டாக்கி, அதில் இதுதான் எங்கள் வடிவம் என்று ஒன்றை வைத்து, மற்ற வடிவங்களை 400 என்ற புலத்தில் (பதிவில் அதற்கென்றே இருக்கும் கட்டம்) எழுத வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த சொ. விருத்தாசலத்தை யாராவது அந்தப் பெயரில் தேடினாலும் புதுமைப்பித்தன் புத்தகங்கள் வர வேண்டும். இப்போது வருகின்றன. இதற்குக் கோஹாவில் ஓர் அமைப்பு (செட்டிங்) இருக்கிறது, மாற்றுப் பெயர்களையும் தேடலில் சேர்ப்பது. வரும்போது அது அணைந்தேதான் வரும். அதைப் போட்டுவிட்டு, குறியீட்டை முழுசாக ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் நூலகத்திலிருந்து பதிவுகளை இழுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு, தமிழ்ப் புத்தகங்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் பெயரும் தலைப்பும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடு புள்ளியோடு வரும். ஆண்டு, பதிப்பு விவரத்துக்கு அது உதவும். தமிழை நாம்தான் அடிக்க வேண்டும்.

அப்புறம், வேண்டாத புத்தகங்களைக் கழிப்பது. எங்கள் செயலாளர் சாருக்கு அறிக்கைகள் என்றால் உயிர். மூன்று வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களின் பட்டியலைக் கோஹாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், "மேடம், இதெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாமே, இடமாவது கிடைக்கும்" என்றார். பட்டியலில் விண்டோஸ் 98 கற்றுத்தரும் கைடு இருந்தது. பாடத்திட்டம் மாறிப்போன போட்டித்தேர்வுப் புத்தகங்கள் இருந்தன. பக்கத்திலேயே ஒரு கோயில் கும்பாபிஷேக மலர், ஒரு பள்ளியின் பொன்விழா மலர், மீனவர் சங்கத் துண்டுப் பிரசுரக் கட்டு. கடன் கணக்கில் எல்லாம் பூஜ்யம்தான்.

"சார், கைடை நாளைக்கே போட்டுடலாம். மலர் போனா திரும்ப எங்க போய் வாங்குவீங்க?" என்றேன். 2011 டிசம்பர் 30-இல் "தானே" என்ற புயல் கரையேறியபோது நனைந்த பதிவேடுகளை அவர் மறந்திருக்க மாட்டார். சரி என்றார்.

இந்த இடத்தில் கோஹாவில் எனக்குப் பிடித்த ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். வாசகர்கள் மேசையில் விட்டுப்போகும் புத்தகங்களை மாலையில் கருவியில் காட்டி, திரும்ப வந்ததாகப் போட்டால் அது உள்ளே உட்கார்ந்து படித்த கணக்கில் ஏறும் (இதற்கும் ஓர் அமைப்பைப் போட வேண்டும்). பொன்விழா மலருக்கு அப்படிக் கணக்கு ஏறியதைப் பார்த்தேன். கடன் கணக்கை மட்டும் வைத்துப் புத்தகத்தைக் கழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்கேன் செய்வதற்கும் இதே பட்டியல்தான் அடிப்படை. முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஆர்க்கைவ் தளத்திலும் தேடுகிறேன். அங்கே இருந்தால் 856 என்ற புலத்தில் இணைப்பைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். இல்லாததைத்தான் ஸ்கேன் செய்கிறோம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியவை. அந்த உயரத்துக்கு நாம் போக வேண்டாம். மீனவர் சங்கப் பிரசுரத்தை நாம் விட்டால் வைத்திருக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஸ்கேன் செய்த பக்கத்தைப் படித்து எழுத்தாக மாற்றும் எழுத்துணரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் துதிக்கை வைத்த "லை", "ணை" வந்தாலே தடுமாறுகிறது. உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

சட்டமும் பார்க்க வேண்டும். எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு காப்புரிமை. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனை இணையத்தில் போடலாம். 2015-இல் மறைந்த ஜெயகாந்தனுக்கு 2075 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஆனால் வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ள 2012 திருத்தம் இடம் தருகிறது. அப்படிச் சேமித்ததை வெளியே தூக்கிப் போட முடியாது.

இணைப்புகள் அறுந்துபோகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கோஹாவிலேயே இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு நிரல் உண்டு, மாதம் ஒருமுறை ஓட்டுகிறேன். காசு கட்டும் மின்னூல் சந்தா ஒன்றும் விலை விசாரித்தேன். சந்தா நின்றால் புத்தகமும் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இந்த வருடப் பணத்துக்குத் தாள் பிரதிகளும், ஈரம் தாங்கும் இரண்டு இரும்பு பீரோவும் வாங்கச் சொல்லிவிட்டேன்.