ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா, தவணை போனா: சேரும்போது எதைக் கொடுக்கிறோம்?

மொபைல் திட்டங்களை ஒப்பிடும்போது எல்லாரும் டேட்டாவையும் மாதக் கட்டணத்தையும்தான் பார்க்கிறோம். நான் இங்கே ஒப்பிடுவது வேறு. சேரும்போது நம்மிடமிருந்து எதையெல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள், அது எத்தனை நாள் அவர்களிடம் கிடக்கிறது என்பதை.

விண்ணப்பம் கொடுத்ததும் நடப்பது ஒரு சோதனை அல்ல, இரண்டு. "நீங்கள் சொல்லும் ஆள் நீங்கள்தானா?" என்பது அடையாளச் சோதனை. "மாதாமாதம் பணம் கட்டுவீர்களா?" என்பது கடன் சோதனை. இரண்டும் ஒரே திரையில் நடப்பதால், எதில் சிக்கினோம் என்பது பல நேரம் கடை ஊழியருக்கே தெரியாது. எனக்கு ஒருமுறை தவணை போன் மறுக்கப்பட்டது. "உங்க கிரெடிட் சரியில்லை" என்றார் ஊழியர். எனக்கு நிலுவை ஒன்றுமே இல்லை. கடன் அறிக்கையை, அதாவது நம் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, வரவழைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்றில் இனிஷியல் பெயருக்கு முன்னால், வீட்டு எண் இல்லை. இன்னொன்றில் இனிஷியல் பின்னால், வீட்டு எண் உண்டு. பணம் கட்டுவேனா என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை; நான் யார் என்பதுதான் அவர்களுக்குப் பொருந்தவில்லை. அதனால் விண்ணப்பிக்கும் முன் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, விண்ணப்பம் மூன்றிலும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி ஒவ்வொன்றாக. ப்ரீபெய்டில் கடன் சோதனைக்கே வேலையில்லை, பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுகிறார்கள். அடையாளம் காட்ட வேண்டுமா என்பது நாட்டைப் பொறுத்தது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பெயரைப் பதியாமல் சிம் கிடையாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அப்படிக் கட்டாயம் இல்லை. பெயர் கொடுக்காமல் வாங்குவது நிம்மதிதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. போன் தொலைந்தால் அந்த எண் உங்களுடையது என்று நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது. வங்கியின் ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்கு வருகிறது என்றால் அப்படி இருந்துவிட வேண்டாம்.

சிம் மட்டும் தரும் போஸ்ட்பெய்டில் நிறுவனத்துக்கு இருக்கும் ஆபத்து ஓரிரு மாத பில்தான். அதனால் சோதனையும் பல இடங்களில் லேசாகவே இருக்கும். ஆனாலும் கையெழுத்துக்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ஹார்ட் சோதனையா, சாஃப்ட் சோதனையா? சாஃப்ட் என்றால் சோதனை நடந்த தடம் கடன் அறிக்கையில் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஹார்ட் என்றால் அடுத்து நீங்கள் கடன் கேட்கும் வங்கிக்கும் தெரியும். அமெரிக்காவில் அது அறிக்கையில் 2 ஆண்டுகள் இருக்கும். அங்கே வீட்டுக் கடனுக்காகக் குறுகிய நாட்களுக்குள் பல வங்கிகளில் விசாரித்தால், கடன் மதிப்பெண் போடும்போது அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்கள். போன் விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது. நாலு நிறுவனத்தில் முயன்றால் நாலு தடம்.

தவணையில் போன் வாங்குவது, பெயர் எப்படி இருந்தாலும், கடன்தான். சோதனையும் இதில்தான் கடுமை. ஒழுங்காகக் கட்டினால், அதைப் பதிவு செய்யும் நாடுகளில் கடன் வரலாறு வளரும். தவறினால் அந்தக் கறை பிரிட்டனில் 6 ஆண்டும் அமெரிக்காவில் 7 ஆண்டும் நிற்கும். வீட்டுக் கடன் கேட்கப் போகிறவர்கள் அதற்கு முந்தைய சில மாதங்களில் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மறுக்கப்பட்டவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. முன்பணம் கட்டிச் சேரலாம். அது எப்போது திரும்பி வரும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது வீட்டில் யாராவது ஒருவரின் கணக்கில் கூடுதல் எண்ணாகச் சேரலாம். இதில் சட்டப்படி அந்த எண் அவருடையது. பிறகு வேறு நிறுவனத்துக்கு மாற அவர் சம்மதம் வேண்டியிருக்கும். எனக்கு முன்பணம்தான் மேல் என்று படுகிறது.

மொத்தத்தில் என் தேர்வு: போனை முழுப் பணம் கொடுத்து வாங்குவது, பழையதானாலும் பரவாயில்லை. சிம்மை என் பெயரில் பதிந்த ப்ரீபெய்டாக வைத்துக்கொள்வது. புது நாட்டில் போய்க் கடன் வரலாறு ஒன்றுமே இல்லாமல் நிற்பவருக்கு மட்டும், பணம் கட்டுவதை முறையாகப் பதிவு செய்யும் நிறுவனத்தில் சின்ன போஸ்ட்பெய்டு திட்டம் நல்ல தொடக்கம் என்பேன்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்றால், கொடுத்த விவரம் திரும்பி வருவதில்லை. 2015-இல் அமெரிக்காவில் எக்ஸ்பீரியன் என்ற கடன் அறிக்கை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 1.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. டி-மொபைல் என்ற மொபைல் நிறுவனத்தின் சேவைக்காகக் கடன் சோதனைக்கு உட்பட்டவர்கள் அவர்கள். பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்காவில் ஒருவரை அடையாளம் காட்டும் அரசு எண்) எல்லாம் அதில் இருந்தன. விண்ணப்பித்ததே போதும், வாடிக்கையாளராகச் சேர்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2022-இல் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் என்ற மொபைல் நிறுவனத்தில் ஏறத்தாழ 1 கோடிப் பேரின் தகவல் கசிந்தபோது, சேவையை விட்டு எப்போதோ போய்விட்டவர்களும் அதில் மாட்டினார்கள். பலரின் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிம எண்களும் போயின. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியை என்ன செய்வது?

எனவே இரண்டு நிறுவனங்கள் ஒரே மாதிரித் திட்டம் தந்தால், அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும் நிறுவனத்தை நான் தேர்ந்தெடுப்பேன். நகல் கேட்டால், அதன் குறுக்கே பேனாவால் "இந்த சிம் இணைப்புக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, எழுத்து படத்தின் மேலும் கொஞ்சம் ஏறும்படி கையெழுத்திட்டுத்தான் கொடுக்கிறேன். இதுவரை எந்தக் கடையிலும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.