430 ரக ஸ்டீல் சட்டி: நிக்கல் அலர்ஜிக்காரியின் பார்வையில்

கவரிங் தோடு போட்டாலே காது புண்ணாகி நீர் வடியும் ஆள் நான். தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டிலும் நிக்கல் அலர்ஜி என்றே வந்தது. வீட்டில் இருப்பதெல்லாம் 304 ரக எவர்சில்வர். அதில் 8 சதவீதம் போல நிக்கல். புளியும் தக்காளியும் சேர்ந்து வெகுநேரம் கொதித்தால் அதில் கொஞ்சம் குழம்பில் இறங்கும், புதுப் பாத்திரம் என்றால் கூடுதலாக. அதனால்தான் நிக்கல் சேர்க்காத இந்த 430 சட்டி.

430 காந்தத்தில் ஒட்டும், 304 பொதுவாக ஒட்டாது. ஆனால் வாங்கும்போது காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். மூன்று தகடு சேர்த்த டிரைப்ளை பாத்திரத்தில் வெளித்தகடு காந்தம் பிடிக்கும், உள்ளே பெரும்பாலும் 304 இருக்கும். இதன் அடியில் 430 என்றே பொறித்திருக்கிறார்கள்.

வத்தக்குழம்பு அருமையாக வந்தது. இரும்புச் சட்டியின் கருப்பும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் அடி மெல்லிசு, உப்புமா பிடித்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீரை ராத்திரி விட்டுவைத்தால் காலையில் பழுப்புப் புள்ளி. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

அரிப்பு குறையுமா என்றால், பருப்பு, முந்திரி, சாக்லேட்டிலேயே நிக்கல் உண்டு. சட்டியை மட்டும் மாற்றி அதிசயம் எதிர்பார்க்க முடியாது. அலர்ஜி இல்லாதவர்கள் எவர்சில்வரைத் தூக்கிப் போடவே வேண்டாம்.

அப்புறம், மூடியைத் தனியாக விற்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் அது 304!