ரோஸ் 31: மூன்று வருடம் போட்டுப் பார்த்த பிறகு

லண்டன் மேரிலபோனில் இந்த சென்டை வாங்கியபோது, என் பெயரையும் அன்றைய தேதியையும் லேபிளில் அச்சடித்து ஒட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தேதிப்படி போன மாதத்தோடு மூன்று வருடம் முடிந்தது. 50 மில்லி புட்டியில் இப்போது ஒரு விரற்கடைதான் மிச்சம்.

லெ லாபோ என்ற சென்ட் நிறுவனம் 2006-இல் நியூயார்க்கில் கடை தொடங்கியபோதே வந்த மணம் இது. உருவாக்கியவர் டாஃப்னே பியூஜே. 31 என்பது சேர்மானங்களின் எண்ணிக்கை. பெண்களுக்கானது என்று பெயர் வாங்கிய ரோஜாவை ஆண்களும் போடும்படி மாற்றுவதுதான் நோக்கமாம். அதற்காக சீரகம், குந்திரிக்கம், சிடார் மரம், வெட்டிவேர் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள்.

என் கையில் முதல் பத்து நிமிடம் ஈர ரோஜா. அப்புறம் சீரகம் எழும்பும். ஒரு மணி நேரத்தில் மரவாசனை முன்னால் வந்து ரோஜா பின்னுக்குப் போய்விடும். துப்பட்டாவில் அடித்தால் மட்டும் ரோஜா கடைசிவரை நிற்கும்.

இது எனக்கு. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்ததுமே, “என்னடி, ரசத்துக்குச் சீரகம் அரைச்சியா?” என்றாள். ரோஜா அவளுக்குத் தெரியவே இல்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஆங்கிலேயத் தோழிக்கோ அதே சீரகம் வியர்வையாகப் பட்டது. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மனிதத் தோலின் கதகதப்பைக் கொண்டுவரத்தான் சென்ட் செய்பவர்கள் துளி சீரகம் சேர்ப்பார்கள். தினமும் தாளிக்கிற வீட்டில் வளர்ந்த மூக்கு அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்கிறது. அப்படி வளராத மூக்குக்கு உடம்புதான் ஞாபகம் வருகிறது. அவளையே ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முதல் இருபது நிமிடம்தான் அப்படி, அதன் பிறகு அருமை என்றாள்.

கணவருக்கு இது சீவிய பென்சில். பென்சில் செய்யும் சிடார் மரம் இதில் இருப்பதால் அது புரிகிறது. ஆனால் ரோஜாவே இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். ரோஜா மணத்தில் பங்குள்ள பீட்டா அயனோன் என்ற பொருளைச் சிலரால் மரபணு வேறுபாட்டால் சரியாக முகர முடிவதில்லை. இவருக்கும் அதுதானோ என்று தோன்றும். ஆனாலும் என்னைவிட அதிகமாகப் போட்டுக்கொள்கிறவர் அவர்தான். மாமியார் அவர் சட்டையை முகர்ந்துவிட்டு, “கல்யாண வீட்டுப் பன்னீர் மாதிரி இருக்குப்பா” என்றார். எனக்கு மிகவும் பிடித்த விமர்சனம் அதுதான். வாசலில் பன்னீர் தெளிக்கும்போது ஆண், பெண் பார்த்தா தெளிக்கிறோம்? மாப்பிள்ளை கழுத்திலும் ரோஜா மாலைதானே. நம் ஆட்களுக்கு ஆண் மேல் ரோஜா மணப்பது புதிதே இல்லை.

பருவத்துக்குப் பருவம் இது வேறு ஆளாகிவிடுகிறது. லண்டன் ஜனவரிக் குளிரில் சீரகம் அடங்கியே கிடக்கும். கம்பளி ஸ்கார்ஃபில் மறுநாளும் ரோஜா இருக்கும். மே மாதம் சென்னை போனபோது ஐந்தே நிமிடத்தில் சீரகம் கிளம்பிவிட்டது. அங்கே சாயங்காலம் குளித்துவிட்டு ஒரே ஒரு முறை அடித்துக்கொண்டால் போதும். பகலில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு வருடம் தினமும் போட்டதில் மத்தியானத்துக்குள் மணம் போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் முழுக்க மணக்கிறது என்று கணவர் சொன்ன பிறகுதான் புரிந்தது, என் மூக்குதான் பழகிப் போயிருக்கிறது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் போடுவதில்லை. திரும்பப் போடும்போது பழைய ரோஜா அப்படியே வருகிறது.

வாங்க நினைப்பவர்கள் கடையில் காகிதத் துண்டில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். காகிதத்தில் இது வெறும் ரோஜா. 15 மில்லி புட்டி கிடைக்கிறது. அதை வாங்கி ஒரு வெயில் காலமும் ஒரு குளிர் காலமும் போட்டுப் பாருங்கள். நான் அடுத்ததும் 50 மில்லியே வாங்கப் போகிறேன். லேபிளில் கணவர் பெயரை அச்சடிக்கச் சொல்ல வேண்டும்.