இஷிகாகியில் ஒரு பகல்: கபிராவா, தாகேதோமியா?

ஜப்பானின் ஒகினாவா பகுதியிலுள்ள இஷிகாகித் தீவில் சுற்றுலாக் கப்பல் நிற்பது பெரும்பாலும் ஒரு பகல்தான். கபிரா, தாகேதோமி இரண்டையும் அரக்கப்பரக்கப் பார்ப்பதைவிட ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மேல்.

கபிரா விரிகுடா ஊரிலிருந்து டாக்சியில் சுமார் அரை மணி நேரம். பச்சையும் நீலமுமாகக் கடல் படங்களில் பார்த்தபடியே இருக்கும். ஆனால் நீரோட்டம் பலமானது, நீந்த அனுமதியில்லை. அடியில் கண்ணாடி வைத்த படகில் பவளப்பாறைகளைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தாகேதோமி தனித் தீவு. துறைமுகத்திலிருந்து படகில் 10, 15 நிமிடம். சிவப்பு ஓட்டு வீடுகள், கூரைமேல் ஷீசா எனும் காவல் சிங்கச் சிலைகள், பவளக்கல் மதில்கள், நடுவே வெண்மணல் தெருக்கள். எருமை வண்டியில் ஏறினால் வண்டிக்காரரே சான்ஷின் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடுவார். எருமைக்கு வழி மனப்பாடம் போலிருக்கிறது, சாவகாசமாகத் திரும்பும். வாடகை சைக்கிள் எடுத்தால் கொந்தோய் கடற்கரையில் குளிக்கலாம். அப்புறம் கைஜி கடற்கரையில் நட்சத்திர மணல் தேடலாம். அது நுண்ணிய கடலுயிரிகளின் ஓடு.

என் ஓட்டு தாகேதோமிக்கே. வெயிலில் நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் கபிரா சரி. தாகேதோமி போகிறவர்கள் திரும்பும் படகின் நேரத்தை இறங்கியதும் பார்த்துவிடுங்கள், கப்பல் காத்திருக்காது.