16:8 சாப்பாட்டு முறை: ஒன்றரை வருடம் இருந்து பார்த்ததில்

ஒரு நாளில் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வதுதான் 16:8. ரிப்போர்ட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை 74 கிலோவிலிருந்து 68. வயிற்றுச் சுற்றளவு 97 செ.மீ.யிலிருந்து 91. மூன்று மாதச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.1 இருந்தது 5.8 ஆகியிருக்கிறது. ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 150-க்குக் கீழே வந்துவிட்டது. நல்ல கொழுப்பு (ஹெச்டிஎல்) மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பெண்களுக்கு 50-க்கு மேல் இருக்கணும், எனக்கு இன்னும் 42தான்.

பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். அதற்குள்ளேயேதான் இன்னும் இருக்கிறேன். நம் நாட்டுக் கணக்கில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 25 தாண்டினாலே உடல் பருமன், பெண்களுக்கு வயிறு 80 செ.மீ.க்குள் இருக்கணும். ஐந்தடி ஒரு அங்குல உயரத்துக்கு 68 கிலோ என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது 46, சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டோடு தையல் வேலை. ஆரம்பத்தில் எல்லாரையும் போல சாப்பிடும் நேரத்தைப் பகல் 12 முதல் இரவு 8 வரைதான் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டு நாம் மட்டும் சும்மா நிற்பது கொடுமை. “வெறும் வயித்தோட மெஷின்ல உக்காந்தா கிறுகிறுன்னு வராதாம்மா?” என்று அத்தை தினமும் கேட்பார். முதல் வாரங்களில் பதினோரு மணிக்குத் தலைவலி வந்தது உண்மைதான். பாலும் சர்க்கரையும் இல்லாத வரகாப்பி கைகொடுத்தது. ஏற்காட்டுத் தூள், சிக்கரி கலக்காமல். ஆனால் 12 மணி ஆனதும் சோறு வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடத்தான் இறங்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சாயங்காலம். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தட்டுவடையை உடைத்து, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் போட்டு, பச்சைச் சட்னியும் காரச் சட்னியும் ஊற்றிக் கிளறி நொறுக்கலாகக் கையில் தருவார்கள். அந்தத் தட்டுவடை எண்ணெயில் பொரித்த அரிசி மாவு. எட்டு மணி வரைக்கும்தான் நேரம் இருக்கிறதே என்று அதையும் தின்றுவிட்டு, எட்டுக்கு முன்னால் தோசையும் தின்றால் என்ன குறையும்?

அதனால் காலை 9:30 முதல் மாலை 5:30 வரை என்று மாற்றினேன். எங்கள் தெருமுனை வண்டிக்காரர் அடுப்பு பற்றவைப்பதே ஆறு மணிக்குத்தான். எடை உருப்படியாக இறங்கியது அதற்கப்புறம்தான்.

அப்படியென்றால் சீக்கிரம் சாப்பிடுவதில்தான் சூட்சுமம் என்று நினைக்கத் தோன்றும். ஜெர்மனியில் நடந்து 2025-ல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. அதிக எடையோ உடல் பருமனோ உள்ள 31 பெண்களை இரண்டு வாரம் காலை 8 முதல் மாலை 4 வரையும், இன்னொரு இரண்டு வாரம் மதியம் 1 முதல் இரவு 9 வரையும் சாப்பிட வைத்தார்கள். கலோரியைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் மாற்றினார்கள். உடலின் உள்கடிகாரம் நகர்ந்ததே தவிர, இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை. இரண்டு வாரம் குறைவான காலம்தான். ஆனால் 2022-ல் சீனாவில் 139 பேரிடம் ஒரு வருடம் நடந்த ஆய்விலும், கலோரி குறைத்தவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு கூடுதலாகப் பெரிதாக எதையும் தரவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. என்னைக் குறைத்தது பட்டினி அல்ல, போகாத நொறுக்கல்தான். குழம்புக் கரண்டிக்கு எத்தனை கலோரி என்று எழுதி வைக்க என்னால் ஆகாது. கடிகாரத்தைப் பார்க்க ஆகும். 16 மணி நேரத்தில் செல்லெல்லாம் சுத்தமாகிவிடும் என்று யூடியூபில் அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அதற்காக அவர்கள் காட்டும் 2016 நோபல் பரிசு, ஈஸ்ட் செல்களில் நடந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்தது.

தொந்தரவும் உண்டு. மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. இரண்டு வேளைக்குள் புரதம் போதவில்லை போலிருக்கிறது. முட்டையும் பச்சைப்பயறும் தினப்படி ஆனபின் நின்றது. லேசாக இருக்கும் என்று ஜவ்வரிசி உப்புமாவில் நோன்பைத் திறக்காதீர்கள். நம் சேலத்துச் சரக்குதான் என்றாலும் அது முழுக்க மாவுச்சத்து. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களில் நேரம் காலம் எதுவும் பார்ப்பதில்லை, பார்க்கப்போவதும் இல்லை.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் என்னைப் பார்த்துத் தொடங்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா கிளிமெப்ரைடு போட்டுக்கொண்டே காலைச் சாப்பாட்டை விட்டார். நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். பத்தரை மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார்; சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத்தான் தெளிந்தது. டாக்டரிடம் போனதும் மாத்திரையை மாற்றினார். இப்போது இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை மட்டும் சாப்பிடாமல் இருக்கிறார், அவருக்கு அதுவே போதும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.